ஒரே அக்கவுண்ட், ஆறு பேர்

இதை எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டேன். ஒருவர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இன்னொருத்தி என் ஓரகத்தி. "என் பேரைப் போடாதே, மத்தபடி எழுது. நாலு பொம்பளைங்க படிச்சா நல்லதுதானே" என்றார் அத்தை. ஓரகத்தி முழுவதையும் படித்துவிட்டு, தன்னைப் பற்றிய பத்தியில் இரண்டு வரியை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது பெங்களூர் அல்சூரில், பஜார் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில். மாமா கட்டிய வீடு. அவர் ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் இருக்கும் எம்.இ.ஜி. சென்டரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தவறிப்போய் ஏழு வருடம் ஆகிறது. கீழே அத்தை, நான், என் வீட்டுக்காரர், ஆறாவது படிக்கும் எங்கள் பெண். மாடியில் கொழுந்தனாரும் ஓரகத்தியும். அடுப்பு ஒன்றுதான், கேஸ் கனெக்‌ஷன் ஒன்றுதான், ஆன்லைனில் சாமான் வாங்கும் அக்கவுண்டும் ஒன்றுதான்.

அந்த அக்கவுண்டை என் வீட்டுக்காரர் 2014இல் திறந்தார், எங்கள் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, அவளுக்கு டயப்பர் வாங்க. அப்புறம் வருடச் சந்தா வந்தது. ஒரு சந்தாவில் எல்லோரும் வாங்கினால் மிச்சம்தானே என்று எல்லார் போனிலும் அதே நம்பர், அதே பாஸ்வேர்டு. நாலு போன், பெண் ஹோம்வொர்க் செய்யும் டேப்லெட், ஹாலில் டிவி, சமையலறையில் பாட்டுப் பாடும் ஸ்பீக்கர். நாளடைவில் ரேஷன் கார்டு மாதிரி அது குடும்பத்துச் சொத்தாகிவிட்டது. அரிசி, சோப்பு, சார்ஜர், ஸ்கூல் ஷூ எல்லாம் அதில்தான்.

போன வருடம் ஆடி மாதம். மதியம் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன். அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் அப்படி நிற்கிறவர் இல்லை. நேராக உள்ளே வந்து ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்.

"அம்மாடி, யார்கிட்டயும் சொல்லாதே. இருமினா, தும்மினா கொஞ்சம் கசியுது. கோயில்ல உக்காந்து எழுந்திருக்கவே பயமா இருக்கு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு வருடம் என்றார். இரண்டு வருடமாகப் பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அதைத் துவைத்து, பின்கட்டுக் கொடியில் உள்பாவாடைக்கு அடியில் காயப்போட்டு, விடிவதற்குள் எடுத்திருக்கிறார். ஒரே வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கடைக்காரர் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர். "அவன்கிட்ட போய் நான் எப்படிக் கேக்கறது? போன்ல வாங்கினா யாருக்கும் தெரியாது இல்ல?" என்றார். ஆமாம் அத்தை, தெரியாது என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன். அன்றைக்கே பெரியவர்களுக்கான டயப்பர் பத்து உள்ள பாக்கெட் ஒன்றும் மெல்லிய பேடு ஒரு பாக்கெட்டும் ஆர்டர் போட்டேன். பார்சலை நானே வாங்கி அவர் அறையில் வைத்தேன். அட்டைப்பெட்டியை மடக்கி மாடிப்படிக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த பிரதோஷத்துக்கு அத்தை சோமேஸ்வரர் கோயிலில் அபிஷேகம் முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். பிரசாதத்தை என் கையில் கொடுக்கும்போது முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கொழுந்தனாரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்திருந்தார். ஹாலில் காபி கொடுத்திருந்தேன். அத்தை ஓரமாகத் தரையில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஸ்கூல் பிராஜெக்டுக்குச் சார்ட் பேப்பர் தேட எங்கள் பெண் டேப்லெட்டில் அந்த ஆப்பைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே 'மீண்டும் வாங்குங்கள்' என்று ஒரு வரிசை. அதில் முதல் படம் அந்தப் பாக்கெட்.

"அம்மா, டயப்பர் மறுபடி வாங்கணுமான்னு கேக்குது. நம்ம வீட்டுலதான் பாப்பாவே இல்லையே, யாருக்கு இது?"

நான் என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் கொழுந்தனார் தன் போனில் ஆர்டர் பட்டியலைத் திறந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோய்த்தான் கேட்டார். "அண்ணி, அம்மாவுக்கா? என்ன ஆச்சு அம்மாவுக்கு? ஏன் என்கிட்ட சொல்லல?" நண்பர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். ராத்திரி நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? சொன்னது யார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஆள் இல்லை. அதற்கப்புறம் பத்து நாள் அவர் கோயிலுக்குப் போகவில்லை. காலைக் காபியை நிறுத்தினார். தாகமெடுத்தாலும் ஒரு வாய்க்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் நான் கோபப்பட்டது அந்த வாரம்தான். "நம்ம வீட்டுக்குள்ள என்ன ரகசியம்? பெத்த பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா என்ன தப்பு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பாசம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தையின் கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. கல்யாணத்தன்று ஆரணியிலிருந்து அவரோடு வந்த பெட்டி. அதற்குப் பூட்டு கிடையாது. இத்தனை வருடத்தில் அதை வேறு யாரும் திறந்ததில்லை. மாமாவே திறந்ததில்லை என்று கேள்வி. உள்ளே பெரிய ரகசியம் இருக்கிறது என்பதால் இல்லை. அது அவருடைய பெட்டி, அவ்வளவுதான். "அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து ஹால்ல, உங்க தம்பியோட ஃபிரெண்ட் முன்னாடி கொட்டினா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சரி, என்ன பண்ணலாம் சொல்லு என்றார்.

பிள்ளைகளிடம் அத்தை சொல்லியே இருக்க மாட்டார் என்று நான் நினைக்கவில்லை. சொல்லியிருப்பார். பெரியவனிடம் ஒரு விதமாக, சின்னவனிடம் ஒரு விதமாக, தனக்குத் தோன்றும் ஒரு நாளில். அந்த நாளை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம்.

பெண்கள் சமாச்சாரத்தை மறைத்து வைப்பது எனக்கு என்றைக்குமே பிடிக்காது. வேலூரில் காலேஜ் படிக்கும்போது மெடிக்கல் ஷாப்பில் நாப்கின் கேட்டால் கேட்காமலேயே செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி. கவர் வேண்டாம் என்று சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். கர்நாடகத்தில் 2016இல் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்தபோது, இனி அந்தக் கறுப்புக் கவராவது ஒழியும் என்று சந்தோஷப்பட்டேன். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டியை எடுத்தபோது வீட்டில் எல்லோர் எதிரிலும் அதைப் பற்றிப் பேசினேன். அப்படிப்பட்ட நான் இப்போது மறைப்பதற்கு வழி தேடுகிறேனே என்று சில நாள் உள்ளுக்குள் உறுத்தியது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் எனக்கு ஒரே கோபம்தான். கடைக்காரர் என்னைக் கேட்காமல் மூடிக் கொடுத்தார். இந்த ஆப் அத்தையைக் கேட்காமல் திறந்து காட்டியது. மூடுவதா திறப்பதா என்று அந்தப் பொருள் யாருக்கோ அவர் சொல்ல வேண்டும்.

ஏன் அந்தப் படம் முதல் பக்கத்துக்கு வந்தது என்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். சோப்பு, எண்ணெய், டயப்பர் மாதிரி தீர்ந்துபோகிற சாமான்களை இந்தத் தளங்கள் தனியாகக் கவனிக்கின்றன. வாங்கி எத்தனை நாள் ஆகிறது, பொதுவாக எத்தனை நாளில் தீரும் என்று கணக்குப் போட்டு நினைவூட்டுகின்றன. டேப்லெட்டைப் பிடித்திருப்பது பதினொரு வயதுப் பெண் என்பது அதற்குத் தெரியாது. ஒரு அக்கவுண்ட் என்றால் அதன் கணக்கில் ஒரு ஆள். அந்த ஒரு ஆள் சார்ட் பேப்பர் வாங்குகிறார், ஷேவிங் பிளேடு வாங்குகிறார், வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்குகிறார், டயப்பரும் வாங்குகிறார். நாங்கள் ஆறு பேர் என்று அதற்கு நாங்கள் சொல்லவேயில்லை.

முதலில் அந்த ஆர்டரை அடியோடு அழித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நாங்கள் வாங்கும் தளத்தில் அப்போது ஒரு ஆர்டரைப் பட்டியலிலிருந்து ஒதுக்கி வேறு பக்கத்துக்கு நகர்த்த மட்டும்தான் முடிந்தது; பெயர் போட்டுத் தேடினால் திரும்பவும் வந்து நின்றது. அழிக்க விடாததற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. விற்பனை என்றால் அது வரிக் கணக்கு. ஜிஎஸ்டி சட்டப்படி வியாபாரி தன் கணக்கு வழக்குகளை, அந்த வருடத்து ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவர்கள் தங்கள் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் புத்தகத்தை எங்கள் ஹாலில் விரித்து வைக்க வேண்டியதில்லை.

பார்த்த பொருள்களின் வரலாற்றை அழிக்கலாம். ஒவ்வொன்றாக எடுக்கலாம், மொத்தமாக அணைத்தும் வைக்கலாம். ஆனால் அது பார்த்ததற்கு மட்டும். வாங்கியது வாங்கியதுதான், அதை வைத்து வரும் சிபாரிசுகள் தொடரும். தேடல் பெட்டியில் முதல் எழுத்தை அடித்ததும் பழைய தேடல் கீழே இறங்குமே, அதையும் தனியாக எடுக்க வேண்டும். அப்புறம் ஆர்டர் மெயில். அது என் வீட்டுக்காரரின் லேப்டாப்பில் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். போன் பூட்டியிருந்தாலும் திரையில் வந்து நிற்கும் அறிவிப்பு. சமையலறை ஸ்பீக்கரில் ஒரு வெளிச்சம் மின்னும், யாராவது கேட்டால் இன்ன பார்சல் இன்றைக்கு வருகிறது என்று பெயரோடு வாசிக்கும். பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது என்று அதற்குத் தனியாக ஒரு செட்டிங் இருக்கிறது. தேடிப் போய் அணைத்தேன். பேங்க் மெசேஜில் தொகையும் கடையின் பெயரும் வருமே தவிரப் பொருளின் பெயர் வராது. அந்த ஒன்றுதான் கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொண்டது.

என் போனிலும் மற்ற ஆப்களில், சமையல் குறிப்பு பார்க்கும் இடத்தில்கூட, டயப்பர் விளம்பரம் ஒரு மாதம் துரத்தியது. ஆண்ட்ராய்டு போனில் பிரைவசி செட்டிங்கில் விளம்பரம் என்ற இடத்துக்குப் போனால் விளம்பர ஐடியை நீக்கலாம். நீக்கினேன். ஓரளவு குறைந்தது.

அட்டைப்பெட்டியை நான் மறந்தே போயிருந்தேன். பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்தபோது பார்க்கிறேன், ஓரத்தில் ஒட்டிய உறைக்குள் பில் அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரரின் பெயர், போன் நம்பர், முகவரி, அதற்குக் கீழே பொருளின் முழுப் பெயர். மூன்று வாரம் மாடிப்படிக்கு அடியில் இருந்திருக்கிறது. மாடிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் திருவள்ளுவர் சிலையைப் பற்றி அத்தை அடிக்கடி சொல்வார். 1991இல் கொண்டுவந்து வைத்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கும் வரை பதினெட்டு வருடம் மூடியே இருந்த சிலை. "மூடித்தான் இருந்தது, ஆனா உள்ள யாருன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும்" என்பார். அந்தப் பெட்டியைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

அந்த பில்லில் பொருளுக்குப் பக்கத்தில் 9619 என்று ஒரு எண் இருந்தது. வரிக்காகப் பொருள்களை வகை பிரிக்கும் எண். தேடிப் பார்த்தேன். குழந்தையின் டயப்பர், நாப்கின், பெரியவர்களின் டயப்பர் எல்லாம் அந்த ஒரே எண்ணில்தான் வருகின்றன. எங்கள் பெண்ணுக்கு 2014இல் வந்த பெட்டிகள், நான் மாதாமாதம் வாங்குவது, இப்போது அத்தையினுடையது. அன்றைக்குக் குழந்தை டயப்பர் பெட்டி ஹால் நடுவில் கிடந்தது, யாரும் அதைத் தள்ளிக்கூட வைக்கவில்லை. அதை நினைத்தபடி வெகுநேரம் அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த அனுபவம் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2007இல் ஃபேஸ்புக் 'பீக்கன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேறு தளங்களில் ஒருவர் வாங்குவதை அவருடைய நண்பர்களுக்குக் காட்டும் வசதி. அமெரிக்காவில் ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் பரிசாக மோதிரம் வாங்க, அந்தச் செய்தி மனைவி உட்பட எல்லோருக்கும் போய்விட்டது. வழக்கு நடந்தது. 2009இல் பீக்கனை மூடினார்கள். 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஒரு மோதிரத்துக்கே அவருக்கு மனம் அப்படி நொந்திருக்கிறது.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி. வழக்குப் போட்டவர் எங்கள் பெங்களூர்க்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2012இல் அந்த வழக்கைப் போட்டார். 2024 அக்டோபரில் அவர் காலமான செய்தியைப் படித்தபோது இதையெல்லாம் நான் யோசித்தவள் இல்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கம்பெனிகளிடம் என் விவரத்தைத் திருத்தச் சொல்ல, அழிக்கச் சொல்ல அதில் உரிமை இருக்கிறது. ஆனால் ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அது சரிதான். கொழுந்தனார் போனைத் திறந்து பார்த்ததற்கு யார் மேல் வழக்குப் போடுவது? ஹாலுக்குள் சட்டம் வராது. வீட்டில் இருப்பவர்கள்தான் ஏதாவது செய்துகொள்ள வேண்டும்.

மறைத்து வைக்கும் வேலையெல்லாம் ஒட்டுப்போடுவதுதான் என்று எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பத்து இடத்தில் அணைத்தால் பதினொன்றாவது இடத்தில் எரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பழைய அக்கவுண்டின் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியே வந்தோம். அது இப்போது மளிகைக்கும் வீட்டுச் சாமானுக்கும் மட்டும், என் போனிலும் என் வீட்டுக்காரர் போனிலும் மட்டும். டேப்லெட்டில் கிடையாது. டிவியில் படம் பார்க்க அதை விட்டுவைத்திருக்கிறோம். மற்றபடி ஆளுக்கொரு அக்கவுண்ட், அவரவர் நம்பரில். அக்கவுண்ட் திறக்கக் காசு இல்லை. சந்தா இல்லாததால் சின்ன ஆர்டருக்கு டெலிவரிக் காசு கொடுக்கிறோம். வருடக் கணக்கில் பார்த்தால் சில நூறு ரூபாய் போகும். போகட்டும்.

அத்தைக்கும் ஒன்று. அவரிடம் போன் இருந்தது, அதில் வாட்ஸப்பும் சஷ்டி கவசமும் மட்டும். எட்டாவது வரை தமிழில் படித்தவர். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் போனை என்னிடம் நீட்டிவிடுவார். 2020இல் ஜூனில் ஃபிளிப்கார்ட்டும் செப்டம்பரில் அமேசானும் தமிழில் வந்துவிட்டன. நான் அதைக் கவனித்ததே இல்லை. மொழியை மாற்றிக் கொடுத்ததும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். "இவ்வளவு நாள் இதுல தமிழ் இருந்துச்சா?" என்று கேட்டார். எனக்குத்தான் கஷ்டமாகப் போயிற்று.

பணம் கட்டுவதுதான் கொஞ்சம் யோசனையாக இருந்தது. என் வீட்டுக்காரர் யுபிஐ சர்க்கிள் வைத்துவிடலாம் என்றார். 2024 ஆகஸ்டில் வந்த வசதி. வீட்டில் ஒருவர் தன் கணக்கிலிருந்து இன்னொருவர் செலவு செய்ய அனுமதிக்கலாம். முழு அனுமதி கொடுத்தால் மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை. நல்ல வசதிதான், காலேஜ் போகும் பிள்ளைக்குப் பொருத்தம். ஆனால் ஒவ்வொரு செலவும் பணக்காரருக்கு, அதாவது பணம் யாருடையதோ அவருக்கு, தெரிந்துவிடும். மறுபடியும் பிள்ளை பார்க்க அம்மா வாங்குவது. வேண்டாம் என்றேன். குடும்ப பென்ஷன் அவருடைய பணம். பென்ஷன் கணக்கைத் தொடாமல், வேறொரு சேமிப்புக் கணக்கில் மூவாயிரம் ரூபாய் போட்டு அதில் யுபிஐ வைத்தோம். ஏதாவது மோசடி நடந்தாலும் அந்த மூவாயிரத்தோடு போகும். பின் நம்பர் பணம் கொடுக்க மட்டும்தான், பணம் வாங்க யாராவது பின் கேட்டால் போனை வை என்று சொல்லிக் கொடுத்தேன். ஓடிபி வாசலில் பார்சலைக் கையில் வாங்கும்போது மட்டும். முதல் இரண்டு தடவை பார்சல் வந்ததும் காசு கொடுக்கும் முறையில் வாங்கினார், அப்புறம் யுபிஐ. வந்த பெட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்று கொஞ்சம் எண்ணெய் தடவி உரித்தார். அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஓரகத்தியின் விஷயம் இதற்கு நடுவில் வெளியே வந்தது. ஆளுக்கொரு அக்கவுண்ட் என்று முடிவானபோது மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருடம். ஒயிட்ஃபீல்டில் வேலை, பர்ப்பிள் லைன் மெட்ரோவில் வந்து அல்சூரில் இறங்க வேண்டும். இரண்டு வருடமாக, நாள் தள்ளிப்போகும் மாதங்களில், ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இந்திராநகரில் இறங்கி, தெரியாத மெடிக்கல் ஷாப்பில் பிரெக்னன்சி கிட் வாங்கி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்திருக்கிறாள். தெருமுனைக் கடையிலும் வாங்க முடியாது, வீட்டு அக்கவுண்டிலும் வாங்க முடியாது. "ஆர்டர் போட்டா நீங்க எல்லாரும் பார்ப்பீங்க அக்கா. அப்புறம் ஒவ்வொருத்தர் முகத்தையும் நான் பார்க்கணும்." அத்தைக்கு நடந்தது ஒரு நாள் நடந்தது. அந்த ஒரு நாள் வந்துவிடக் கூடாது என்று இவள் இரண்டு வருடமாக இந்திராநகரில் இறங்கியிருக்கிறாள். சந்தாவில் மிச்சம் பிடித்தோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கொழுந்தனார் அம்மாவிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது, ஆனால் மறுநாள் காலை அத்தை காபி கேட்டார். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது, நீ மட்டும் வா என்றார். போனோம். பிரசவம், மாதவிடாய் நின்றதற்குப் பிறகு வரும் தளர்ச்சி இதெல்லாம் சேர்ந்து இடுப்படித் தசைகள் வலுவிழப்பதால் இது வருகிறது, நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, சொல்வதில்லை என்றார் டாக்டர். 1948இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய, அவர் பெயராலேயே வழங்கும் பயிற்சிதான் இன்றைக்கும் முதல் சிகிச்சை. சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கிப் பிடித்து விட வேண்டும், குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும் என்றார். தண்ணீரைக் குறைத்ததற்குத் திட்டினார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், அவசரம் கூடத்தான் செய்யும். அத்தை தினமும் விடியற்காலையில், கவசம் கேட்டுக்கொண்டே பயிற்சி செய்கிறார். தை பிறந்தபோது பேடு செலவு பாதியாகக் குறைந்திருந்தது, அவரே சொன்னார்.

பழைய அக்கவுண்டில் அந்தப் பாக்கெட் இன்னும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். நான் என்ன செய்தும் முழுதாகப் போகவில்லை. போன மாதம் பருப்பு ஆர்டர் போட என் போனை வாங்கிய பெண்ணின் கண்ணில் அது பட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் விரலால் தள்ளிவிட்டுப் பருப்பைத் தேடினாள். அப்புறம் என்னிடம் மெதுவாக, "ஆயா எனக்குச் சொல்லிட்டாங்கம்மா" என்றாள். எப்போது என்று கேட்டேன். மொட்டை மாடியில் வடாம் காயப்போட்ட அன்றைக்கு என்றாள். என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை.